அரைப்பேர் போட்டவள்

லேமினேட் செய்யும் இயந்திரம் சூடேறும்போது ஒரு வாசனை வரும். வெயிலில் மறந்து வைத்த பிளாஸ்டிக் வாளிக்குள் யாரோ மூச்சு விட்டுப் போனதுபோல. போன வாரம் பண்டாரவளையில் மகளின் சான்றிதழுக்கு உறை போடக் காத்து நின்றேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் வலது கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. பையில் கவிதைத் தாள் ஏதும் இருந்துவிடக் கூடாதே என்கிற பழைய பயம். இருந்தால் பதுளைக் கடைக்காரி எட்டிப் பிடுங்குவாள். நின்ற நிலையில் வாசிப்பாள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளின் அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள்.

"அரைப்பேர்."

பதுளை பஸ் நிலையத்திலிருந்து இறங்கும் தெருவில், ஒரு சேலைக் கடைக்கும் ஒரு ஹாட்வெயார் கடைக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து நிற்பதுபோல இருந்தது அவளுடைய கடை. பலகையில் 'கம்யூனிகேஷன்' என்று எழுதியிருந்தது. போன் பேசக் கடைக்கு வந்த காலம் எப்போதோ போய்விட்டது. பெயர் மட்டும் ஆணியில் தொங்கியது. போட்டோ பிரதி, பாஸ்போர்ட் படம், லேமினேட், இணையத்தில் விண்ணப்பம் நிரப்பித் தருதல் என்று எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்தி. இடையில் ஓய்வு கிடைத்தால் கணினியில் படம் செய்வாள். வரைவாள் என்று சொல்ல வரவில்லை. சமைப்பதுபோலச் செய்வாள், ருசி பார்ப்பாள், பாதியைக் கொட்டுவாள்.

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பாதியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புவாள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அரைப்பேரை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று கணக்கு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்று, மாலைக்குள் சொன்ன கிலோ கொழுந்தைப் பறித்துத் தராசில் போட்டால் அன்றைக்கு ஒரு பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்ற உடம்புக்குப் பாதி நாள். அவளுடைய அம்மா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிழவியாகும்வரை கொழுந்து பறித்தவர். தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்தில் மகள் முதலில் படித்த பின்னம் அரை.

அதனால் உலகத்தில் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் அவள் பேர் போட்டாள். எதிர்க் கடையின் பிளேன்டீக்கு இஞ்சி தட்டாத நாளில் அரைப்பேர். நமுனுகுலை மலை உச்சியை மறைத்துக்கொண்டு நிற்கும் மேகத்துக்கு அரைப்பேர். அரைமணி நேரம் தாமதித்த பசறை பஸ்ஸுக்கு அரைப்பேர். அதன் கண்டக்டர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டதால் அவனுக்கு மட்டும் முழுப்பேர். என் கவிதைக்கு எப்போதும் ஒரே கூலி.

"முழுப்பேர் எப்பத்தாம்மா போடுவ?"

"கண்ணாடி பாத்துக்கிட்டே எழுதுறீங்கண்ணே. அத நிப்பாட்டுங்க. பொறகு பாப்போம்."

மொழிபெயர்ப்பு வேலை பார்த்து, வெள்ளை முடி எட்டிப் பார்க்கும் வயதில், நாலு மேடையில் மாலை வாங்கிய எனக்கு இதைச் சொல்ல அவளைவிட்டால் பதுளையில் ஆள் இல்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு பக்கம் பிரதி எடுக்கக்கூட அந்தத் தெருவில்தான் இறங்கினேன்.

அவளுடைய கணினித் திரையின் வலப்பக்க மூலையில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. காயத்துக்குப் போடுகிற பிளாஸ்டர். திரைக்கு என்ன காயம் என்று ஒருநாள் கேட்டேன். படம் திருத்தும் மென்பொருளில் அந்த இடத்தில்தான் 'அழகாக்கு' என்ற பொத்தான் வருமாம். ஒரு தட்டுத் தட்டினால் முகம் வெளுக்கும், மூக்கு மெலியும், கன்னத்து மச்சம் காணாமல் போகும்.

"கை தவறிப் பட்டா ஆள மாத்தி அனுப்பிருவேன்ணே. பொறகு வீட்டுல சேத்துக்க மாட்டாங்க."

ஒருமுறை மகனுக்குப் பெண் பார்க்கப் படம் எடுக்க வந்த ஒரு தாய், கொஞ்சம் வெள்ளையாகப் போடச் சொல்லிக் கெஞ்சினாள். இவள் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "எத்தன நாளைக்குங்கம்மா வெள்ள? கல்யாணம் வரைக்குமா, பொறகுமா?" மகன் சிரித்துவிட்டான். தாய் கோபித்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினாள். வாசலில் நின்று திரும்பி வந்து, இருக்கிற நிறத்திலேயே நாலு பிரதி வாங்கிப் போனாள்.

இன்னொரு நாள் ஒரு பெரியவர். மகளைப் பார்க்க வெளிநாடு போக இணையத்தில் படம் ஏற்ற வேண்டும். ஏற்றினாள். அந்தத் தளம், 'முகம் தெரியவில்லை' என்று சொல்லித் திருப்பியது. விளக்கைக் கிட்டக் கொண்டு வந்து மறுபடி எடுத்தாள். முகம் தெரியவில்லை.

"பசறைக்கு அங்கிட்டுருந்து ரெண்டு பஸ் மாறி வந்து ஒனக்கு முன்னுக்கு ஒக்காந்திருக்காரு. முகம் தெரியலையாம்ல!" என்று திரையை அதட்டினாள். பெரியவர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார், இருக்கிறதா என்று. கடைசியில் இரண்டு பக்கமும் வெள்ளைத் தாளைப் பிடித்து, விளக்கை முகத்திலேயே கொட்டி, சுண்ணாம்பு பூசிய சுவர்போல ஒரு படம் எடுத்தாள். தளம் உடனே ஏற்றுக்கொண்டது.

"இப்பத்தான் அதுக்கு உங்களத் தெரியுது தாத்தா. உங்களுக்கு உங்களத் தெரியுதா?"

பெரியவர் படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "எங்க தம்பி மாதிரி இருக்கு. அவன் செத்துப் போயிட்டான்."

அன்றைக்குக் கடையில் எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் பெரியவர் போன பிறகு விளக்கை அணைக்காமல், வெறும் நாற்காலியின்மேல் அதை ஏற்றியும் இறக்கியும் பார்த்தாள். தரம் பிரிக்கிற எதைக் கண்டாலும் அதன் தராசைக் கழற்றிப் பார்க்காமல் அவளால் விட முடியாது. அதுதான் அவள்.

சொன்னதை வரைந்து தரும் செயலிகள் போனுக்கு வந்த புதிதில் அவளுக்கு அது தீபாவளி. 'மலையகப் பெண்' என்று தட்டினாள். தலையில் பட்டி மாட்டி, முதுகில் கூடையோடு, பல் தெரியச் சிரிக்கும் ஒருத்தி வந்தாள். சரி. 'மலையகத்து டாக்டர்' என்று தட்டினாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், முதுகில் கூடை. 'மலையகத்து விமானி' என்றாள். விமானத்தின் சன்னல் வழியே முகில், இருக்கையில் விமானி, கூடை காரணமாகச் சாய்ந்து உட்கார முடியாமல் முன்னால் குனிந்திருந்தாள். 'கூடை வேண்டாம்' என்று எழுதிக் கேட்டாள். இரண்டு கூடை வந்தது.

"இந்த மிசின் எந்தக் காலத்துல இருக்குண்ணே? கூடையக் கண்டு எத்தன வருசம். எங்கம்மா தோள்ல மாட்டுனதே பைதான்."

நீச்சல் குளத்தில் கூடை, மணவறையில் கூடை, நீதிபதி ஆசனத்தில் கூடை. இருபது முப்பது படங்களைச் சேர்த்து, 'இறக்கி வைக்க இடமில்லை' என்று தலைப்பிட்டு முகநூலில் போட்டாள். கிண்டல் என்று புரிந்தவர்கள் கொஞ்சம் பேர். 'எங்கள் மண்ணின் அழகு' என்று இதயம் போட்டவர்கள்தான் அதிகம். மலைப்பக்கத்து உல்லாச விடுதி ஒன்றிலிருந்து அந்தக் கூடைக்கார மணமகளைப் பெரிதாக அச்சடித்துக் கேட்டார்கள். வரவேற்பறைக்காம். முகம் முழுதாக வேண்டுமா என்று இவள் கேட்க, கூடை தெளிவாக இருந்தால் போதும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அப்படியே அச்சடித்துக் கடைச் சுவரில் ஒட்டினாள். படத்தை அனுப்பவில்லை.

அப்புறம் வந்தவைதான் கலண்டர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பசறைத் தோட்டத்து வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போனாள். அவளுடைய அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தார். உள்ளே பழைய கடைக் கலண்டர்கள், பதினொன்று. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் ஒரு வட்டம். முழுப்பேர் விழுந்த நாளுக்கு முழு வட்டம். அரைப்பேர் விழுந்த நாளுக்கு அரை வட்டம். அரை வட்டத்தின் கீழே மட்டும் ஒரு சொல்லில் காரணம். 'மழை' என்றால் கொழுந்து ஈரம் என்று கிலோவில் வெட்டியது. இன்னொரு சொல் அடிக்கடி வந்தது: 'வாய்'.

"வாய்னா என்னாங்கம்மா?" என்று கேட்டேன்.

"தராசு முள்ளு நிக்கறதுக்குள்ள கணக்கப்புள்ள எழுதிருவான். ஏன்டான்னு கேப்பேன். கேட்ட அன்னைக்கி இன்னும் ரெண்டு கிலோ போகும். அதான் வாய்."

"பேசாம இருந்திருக்கலாமே?"

"இருந்தேனே. அந்தா, முழுசு முழுசா போட்டிருக்குல்ல, அதெல்லாம் பேசாம இருந்த நாளு." விரலால் கட்டங்களைத் தடவினார். "அந்த நாள்ல என்னா நடந்துச்சுன்னு கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்ல தம்பி. அரை விழுந்த நாளெல்லாம் கேளுங்க, அப்புடியே சொல்லுவேன்."

சொன்னார். இருட்டும்வரை சொன்னார். மகள் கட்டம் கட்டமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதினொரு கலண்டரையும் ஒரு கணினி நிரலுக்கு ஊட்டினாள். எந்த நாளில் பேர் பாதியாகும் என்று அதுவே கற்றுக்கொண்டது. மழையென்றால் பாதி. வாயென்றால் பாதி. பிறகு அதற்கு ஒரு கமராவையும் பெரிய திரையையும் மாட்டினாள். முன்னால் போய் நின்று பெயரைத் தட்டெழுத வேண்டும். கமரா பார்க்கும். கையில் குடை இருந்தால் மழை. உதடு பிரிந்தால் வாய். குற்றம் இல்லாவிட்டால் உங்கள் பெயர் முழுதாகத் திரையில் நிற்கும். இருந்தால் கத்தரிபோல ஒரு சத்தம். பெயரில் பின்பாதி கீழே விழுந்துவிடும்.

"அரைப்பேர்னா இதுதானேண்ணே? சொல்லிலேயே இருக்கு. நாந்தான் இத்தன நாளாக் கேக்கல."

முதலில் நான் நின்றேன். "அருமையா இருக்கே" என்றேன். கத்தரி விழுந்தது. மிஞ்சிய பாதி ஏதோ ஒரு குளியல் சோப்பின் பெயர்போல இருந்தது. அவள் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்து சிரித்தாள்.

அந்த வருடம் பதுளையில் ஒரு கலைக் காட்சி. கணினிக் கலைக்கென்று புதிதாக ஒரு பிரிவு. அதில் தேர்வாகும் ஒருவருடைய படைப்பு கொழும்புக்குப் போகும். செய்தவருக்கு ஒரு வருடம் அங்கே படிக்கவும் இடம் கிடைக்கும். தமிழ்க் குறிப்புகள் எழுத என்னையும் தேர்வுக் குழுவில் போட்டிருந்தார்கள். அழைப்பிதழில் என் பெயர் முழுதாக, ஒரு பட்டத்தோடு, தடித்த எழுத்தில் இருந்தது. அதை அவளிடம் காட்டாமல் வைத்திருக்க நான் பட்ட பாடு!

அந்த ஒரு வருடத்தைத்தான் அவள் விரும்பினாள். இவ்வளவு வெளிப்படையாக அவள் எதையும் விரும்பி நான் பார்த்ததில்லை.

"யார்கிட்டயாவது கேள்வி கேட்டுப் படிக்கணும்ணே. யூடியூப்கிட்ட கேள்வி கேட்டா விளம்பரந்தான் வருது."

காட்சி தொடங்கிய காலையில் தூறல். பிரதம விருந்தினர் குடைக்குக் கீழே, பேசியபடியே வந்தார்; பேசியபடியே திரைமுன் நின்றார். உதவியாளர் அவருடைய பெயரைப் பட்டங்களோடு தட்டெழுதினார். மழை, வாய் இரண்டும் சேர்ந்து கத்தரி விழுந்தது. பட்டங்கள் முன்னால் இருந்ததால் அவை மட்டும் மிஞ்சின. ஆளைக் காணோம்.

"இதில் ஏதோ கோளாறு. முக்கியமானவர்களுக்கு வேறு வழி இருக்குமே?" என்று ஏற்பாட்டாளர் ஓடி வந்தார்.

"இருக்குங்க சேர். கொடய மடக்கிட்டு, வாய மூடிக்கிட்டு நின்னாப் போதும்."

விருந்தினர் மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் 'இப்போது சரியா?' என்று கேட்டார்.

பிற்பகலில் அவளுடைய அம்மா வந்தார். மகள் 'மாரியாயி' என்று தட்டெழுதினாள். அம்மா உதட்டை இறுக்கி நின்றார். பெயர் நான்கு எழுத்தும் குறையாமல், ஆள் உயரத்துக்கு ஒளிர்ந்தது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அம்மா தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார். தராசு முள்ளைப் பார்த்த அதே பார்வையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"வாயக் கட்டிக்கிட்டு நின்னா இவ்வளவுதானா?" என்றார்.

கத்தரி. 'யாயி' விழுந்து 'மாரி' நின்றது.

"ஏய், மாரின்னா மழைதானே! மழைக்கி வெட்டி வெட்டி, கடைசில மழைய மட்டும் எனக்கு மிச்சம் வச்சிருக்கானா?"

மண்டபம் அதிர்ந்தது. அன்று மாலைவரை ஒருவர்கூட முழுப்பேர் வாங்க ஆசைப்படவில்லை. வரிசையில் நின்று, வாயைத் திறந்து, பெயரைப் பறிகொடுத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் தேர்வுக் குழு கூடியது. கொழும்பிலிருந்து வந்திருந்த ஒருங்கிணைப்பாளர் நல்ல மாதிரி. குரல் பஞ்சு. படைப்பு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு சின்ன மாற்றம்தான்: வாய் திறந்தால் வெட்டுவதற்குப் பதிலாக, சிரித்தால் முழுப்பேர் கொடுக்கலாமே? பார்க்கிறவர்கள் மகிழ்ச்சியாகப் போவார்கள். பின்னணியில் ஒரு கொழுந்துக் கூடை இருந்தால் இன்னும் பொருத்தம்.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மாற்றினால் கொழும்பு. மாற்றாவிட்டால் அடுத்த ஆள்.

அந்த மேசையில் அரைப்பேர் என்றால் என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பென்சில் வட்டங்களைக் கண்ணால் பார்த்தவனும் நான்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் முன்னால் இருந்த கோப்பைப் பார்த்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது. அடுத்த வருடமும் குழுவில் இருக்கலாம், என் கவிதைத் தொகுப்பு ஒன்று அச்சாகும் என்று யாரோ முதல் நாள் தேநீர் வேளையில் சொல்லியிருந்தார்கள்.

அவளே பேசினாள்.

"மாத்த ஏலாதுங்க. இது எங்கம்மாட கலண்டரு. சிரிச்ச நாளுக்கு அவங்க ஒண்ணும் எழுதி வைக்கல."

அடுத்த ஆள் தேர்வானார்.

மண்டபத்தில் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதில் உவமைகூட இருந்தது. அவள் நிமிரவில்லை.

"வாழ்த்துக்கள்ணே. இன்னைக்கி உங்களுக்கு முழுப்பேர்."

எத்தனை வருடம் கேட்டு அலைந்த முழுப்பேர்! வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் செருப்பு அறுந்தது. அதையும் கையில் வாங்கிக்கொண்டேன்.

காட்சியின் நிறைவு விழாவில் நன்றியுரை எனக்கு. கொழும்பில் வேலை தேடுவதென்று அவள் கடையைக் காலி செய்து அம்மா வீட்டுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த நாள் அது, வரவில்லை. தட்டில் பொன்னாடை காத்திருந்தது. நான் எழுந்து, நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தேன். இந்த மண்டபத்தில் ஒரு திரை இருந்தது, அதை ஏன் கொழும்புக்கு அனுப்பவில்லை தெரியுமா என்று தொடங்கினேன். கலண்டரைச் சொன்னேன். கூடையைச் சொன்னேன். கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைச் சொல்லும்போது ஒலிவாங்கி அடங்கிப்போனது. மிச்சத்தைக் கத்திச் சொன்னேன். பின்வரிசைக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. பொன்னாடை தட்டோடு உள்ளே போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து அவள் கொழும்புக்குப் புறப்பட்டாள். படங்களைப் பார்த்து இது என்ன, இது யார் என்று இயந்திரங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒரு வேலை. பின்னேரம் சொந்தச் செலவில் படிப்பு.

பதுளையில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. இங்கிருந்து எங்கே போவதென்றாலும் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். காலை ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. சன்னலோரம் அவள், மடியில் ரப்பர் போட்டுச் சுருட்டிய பதினொரு கலண்டர்.

"கூடை இல்லாத ஆளுங்க நாலு பேரயாவது அந்த மிசினுக்குள்ள அனுப்பிட்டுத்தாண்ணே மறு வேல" என்றாள்.

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினேன். கவிதை என்று நினைத்து முகத்தைச் சுளித்தபடி பிரித்தாள். அந்த வாரம் வந்திருந்த அடுத்த கலைவிழாவின் அழைப்பிதழ். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, கவியரங்கம் என்று விரல் வைத்து இறங்கினாள். ஒருமுறை. இன்னொருமுறை.

"உங்க பேரு எங்கண்ணே?"

கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன். 'மற்றும் பலர்.'

ஒரு கணம் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. அவள் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, நடைமேடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"வாயத் தொறந்துட்டீங்கபோல! அரைப்பேர்ண்ணே, அரைப்பேர்!"